நீலகிரியில் மின் ஸ்கூட்டர் பற்றி சர்வே எடுக்கிறீர்களா?

“மின் ஸ்கூட்டர் வாங்குவீர்களா?” என்று கேட்டால் பலரும் “வாங்கலாம்” என்பார்கள். வாசலில் நிற்பவர் முகம் வாடக்கூடாதே என்று சொல்வது அது, கணக்கில் எடுக்காதீர்கள். “வண்டி ராத்திரி எங்கே நிற்கும்?” என்று தொடங்குங்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ரோட்டிலிருந்து படியிறங்கிப் போக வேண்டிய வீடுகள் ஏராளம். வண்டி மேலே ரோட்டோரம் நிற்கும், பிளக் பாயிண்ட் கீழே வீட்டுக்குள் இருக்கும். எத்தனை படி, பேட்டரியைக் கழற்றித் தூக்கிவர ஆள் உண்டா, எஸ்டேட் லைன் வீடென்றால் (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) மின் இணைப்பு யார் பெயரில் என்பதெல்லாம் படிவத்தின் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

அடுத்தது ஏற்றம். மேட்டுப்பாளையத்தைவிட ஊட்டி சுமார் 1,900 மீட்டர் உயரம். 110 கிலோ வண்டியும் 70 கிலோ ஆளும் அவ்வளவு உயரம் ஏறவே 0.93 யூனிட் வேண்டும். பின்னால் 65 கிலோ ஆள் உட்கார்ந்தால் 1.27. காற்று, டயர், மோட்டார் இழப்பெல்லாம் இதற்கு மேல். ஆகவே வண்டி விவரங்களைக் காட்டி ‘எதை எடுப்பீர்கள்?’ என்று கேட்கும் தேர்வு அட்டையில் ‘ஒரு சார்ஜுக்கு 100 கி.மீ.’ என்று அச்சிட்டால் சமவெளிக் கணக்கைத்தான் விற்கிறீர்கள். ‘மேட்டுப்பாளையம் போய் ஏறி வந்தபின் பேட்டரியில் மிச்சம்’ என்று எழுதுங்கள்.

அட்டையில் நான்கு அம்சங்கள் போதும்: விலை, மிச்ச சார்ஜ், சார்ஜ் போடும் இடம், சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை வைத்தாலே 81 சேர்க்கை வரும். அதிலிருந்து பிரித்து ஆளுக்கு எட்டு அட்டைக்கு மேல் காட்டாதீர்கள். அதற்குமேல் பார்க்காமலே கை வைப்பார்கள். ‘இப்போதைய வண்டியோ பஸ்ஸோ போதும்’ என்ற வாய்ப்பு எல்லா அட்டையிலும் இருக்கட்டும். அது இல்லாவிட்டால் வேண்டாதவரையும் வாங்குபவராக எழுதிவிடுவீர்கள்.

எங்கே, எப்படிப் போனார்கள் என்ற பயணக் குறிப்புக்கு நேற்றைய நாளை மட்டும் கேளுங்கள். செவ்வாய் முதல் வெள்ளிவரை போனால் வேலைநாள் பயணம் சரியாக வரும். தேயிலைக்காட்டுக் குறுக்குப்பாதையில் நடந்ததை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள், “பஸ் ஸ்டாப்புக்கு எப்படிப் போனீர்கள்?” என்று தனியாகக் கேட்டால்தான் வரும். கட்டணமில்லா பஸ்ஸில் போன பெண்ணுக்குச் செலவு 0 என்று எழுதுங்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டரில் ‘பதில் இல்லை’ ஆகிவிடும்.

95 சதவீத நம்பிக்கை அளவில் (நூறு முறை சர்வே எடுத்தால் சுமார் 95 முறை உண்மை அந்த வரம்புக்குள் அகப்படும்) 5 சதவீதம் முன்பின்னாக முடிவு வேண்டுமென்றால் 385 பேர் தேவை. சில ஊர்களைப் பொறுக்கி அங்கேயே பலரைக் கேட்பதானால் இதை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்குங்கள், ஒரே ஊர்க்காரர் பதில்கள் ஒத்துப்போகும். டவுன், ஹட்டி (படுகர் ஊர்), எஸ்டேட் என்று தனித்தனி முடிவு வேண்டுமா? பிரிவுக்கு 97 பேர் இருந்தால் 10 சதவீதம் முன்பின். ஹட்டிகளுக்குப் படுக மொழி பேசுபவரை அனுப்புங்கள். ஏப்ரல், மே சீசனில் போகவே வேண்டாம்; நெரிசலில் உள்ளூர்க்காரர் பாதையே மாறிவிடும்.

மின் வண்டி வாங்கிவிட்டு மறுபடி பெட்ரோலுக்குத் திரும்பியவர்கள் வீட்டுப் பட்டியலில் அகப்பட மாட்டார்கள். பழைய வண்டி வாங்கி விற்பவரிடமும் மெக்கானிக்கிடமும் விசாரித்துத் தேடிப் போங்கள். எந்த மாதம் விற்றார்கள், பேட்டரியா, பிரேக்கா, ஸ்பேர் கிடைக்காததா என்று கேட்டுக் குறித்து, அந்தப் பதில்களை 385இல் சேர்க்காமல் தனிக் கோப்பில் வையுங்கள்.