ஸ்டைலஸை ஏற்காத டேப்லெட் திரை: பழுது எங்கே என்று படிப்படியாகக் கண்டறிவது எப்படி?

நேற்று வரை எழுதிக்கொண்டிருந்த ஸ்டைலஸ் (தொடுதிரையில் எழுதும் பேனா) இன்று திரையில் ஒரு கோடும் போட மறுத்தால், பலர் டேப்லெட்டை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள்; அதற்கும் அசையாவிட்டால் உடனே ஃபேக்டரி ரீசெட் (எல்லாத் தரவையும் அழித்துத் தொடக்க நிலைக்குக் கொண்டுவருதல்) செய்துவிடுகிறார்கள். முதலாவது நல்ல தொடக்கம். இரண்டாவது பெரும்பாலான நேரங்களில் வீண் வேலை, ஏனெனில் தேய்ந்த பேனா முனையையோ, தீர்ந்த பேட்டரியையோ, டேப்லெட்டின் மூடியில் உள்ள காந்தத்தையோ எந்த ரீசெட்டாலும் சரிசெய்ய முடியாது. பழுது பேனாவிலா, திரையிலா, மென்பொருளிலா என்று முதலில் பிரித்துவிட்டால், பாதிக்கு மேற்பட்ட வேலை முடிந்துவிடும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் அமைந்துள்ளன.

உங்கள் பேனா எந்த வகை?

எல்லா ஸ்டைலஸும் ஒரே முறையில் இயங்குவதில்லை. ஒரு வகைக்கு உதவும் தீர்வு இன்னொரு வகைக்குப் பொருந்தாது என்பதால், தொடங்குவோர் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்ல வேண்டாம்.

மிக எளிய வகை, ரப்பர் முனையோ ஒளி ஊடுருவும் சிறு வட்டத் தகடோ கொண்ட பேனா. இதற்குள் மின்சுற்று எதுவும் இல்லை. விரல் பட்டால் தொடுதிரையின் மின்தேக்கத்தில் ஏற்படும் மாற்றத்தையே இதுவும் ஏற்படுத்துகிறது. ஆகவே விரல் வேலை செய்து, இந்தப் பேனா மட்டும் வேலை செய்யவில்லை என்றால், குறை பெரும்பாலும் பேனாவின் முனையில்தான் இருக்கும்.

இரண்டாவது வகை, மின்காந்த ஒத்ததிர்வில் இயங்குவது. சாம்சங் டேப்லெட்டுகளுடன் வரும் எஸ் பென் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு. திரைக்கு அடியில் தனியாக ஓர் உணர்வுத் தகடு இருக்கும். அது வெளியிடும் மின்காந்த அலையிலிருந்தே பேனாவுக்குள் உள்ள கம்பிச்சுருள் ஆற்றலைப் பெற்று, தன் இருப்பிடத்தைத் திருப்பிச் சொல்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, விரலை உணரும் அடுக்கும் பேனாவை உணரும் அடுக்கும் வெவ்வேறு என்பதே. விரல் நன்றாக வேலை செய்வதால் திரையில் பழுதே இல்லை என்று இந்த வகையில் முடிவு கட்ட முடியாது. சில எஸ் பென்களில் ப்ளூடூத்தும் அதற்கான சிறு மின்கலமும் உண்டு. ஆனால் அவை பொத்தானை அழுத்திப் படம் எடுப்பது போன்ற தொலைக்கட்டுப்பாட்டு வேலைகளுக்கு மட்டுமே. சார்ஜ் முழுவதும் தீர்ந்தாலும் எஸ் பென் எழுதும்.

மூன்றாவது வகை, தன் சொந்த பேட்டரியில் இயங்கித் திரைக்குச் சமிக்ஞை அனுப்பும் பேனா. ஆப்பிள் பென்சில், மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் பென், குரோம்புக்குகளில் பயன்படும், யு.எஸ்.ஐ. என்ற பொதுத் தரத்தில் அமைந்த பேனாக்கள் ஆகியவை இதில் அடங்கும். இவற்றில் சார்ஜ் இல்லையென்றால் எழுத்தும் இல்லை.

படி 1: மறுதொடக்கமும் இரண்டு சோதனைகளும்

முதலில் சார்ஜர் கம்பியைக் கழற்றிவிட்டு டேப்லெட்டை மறுதொடக்கம் செய்யுங்கள். திரை முழுவதும் உறைந்திருந்தால் கட்டாய மறுதொடக்கம் தேவைப்படும். ஹோம் பொத்தான் இல்லாத ஐபேடில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தி விட்டு, குறைக்கும் பொத்தானை அழுத்தி விட்டு, பிறகு ஆப்பிள் சின்னம் தோன்றும் வரை மேல் பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். சாம்சங் டேப்லெட்டில் பவர் பொத்தானையும் ஒலி குறைக்கும் பொத்தானையும் சேர்த்து, சாதனம் மீண்டும் இயங்கத் தொடங்கும் வரை பிடித்திருங்கள்.

அடுத்து, விரல் சோதனை. முகப்புத் திரையில் ஏதேனும் ஒரு செயலியின் சின்னத்தை விரலால் அழுத்திப் பிடித்து, திரையின் மேலிருந்து கீழாகவும் ஓரம் முதல் ஓரம் வரையிலும் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். சின்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் கைநழுவி விழுந்தால், அந்த இடத்தில் தொடு அடுக்கு செயலிழந்துள்ளது என்று பொருள். ஆண்ட்ராய்டில் இதைவிடத் துல்லியமான வழி ஒன்று உண்டு. செட்டிங்ஸில் 'பில்ட் நம்பர்' என்ற வரியை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை இயக்கினால், விரலும் பேனாவும் செல்லும் தடம் திரையில் கோடாகத் தெரியும். கோடு எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் சிக்கல். சோதனை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள்.

பிறகு பேனா சோதனை. படம் வரையும் செயலியில் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வராமல், முகப்புத் திரையிலும் செட்டிங்ஸிலும் பேனாவால் தட்டிப் பாருங்கள். அங்கெல்லாம் வேலை செய்து ஒரு செயலியில் மட்டும் மறுத்தால், நேராகப் படி 4-க்குச் செல்லலாம். விரலும் பேனாவும் ஒரே இடத்தில் சேர்ந்து தவறினால் பேனாவைச் சந்தேகிக்கத் தேவையில்லை. படி 3-க்குச் செல்லுங்கள். பேனா மட்டும் எல்லா இடத்திலும் மறுத்தால் படி 2.

படி 2: பேனாவைச் சோதித்தல்

பேட்டரி உள்ள பேனா என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். ஐபேடில் 'பேட்டரீஸ்' விட்ஜெட்டைச் சேர்த்தால் பென்சிலின் சார்ஜ் அளவு தெரியும். பென்சில் அந்தப் பட்டியலிலேயே வராவிட்டால் இணைப்பு அறுந்துள்ளது. ப்ளூடூத் இயங்குகிறதா என்று பார்த்து, ப்ளூடூத் சாதனப் பட்டியலில் பென்சில் பெயருக்கு அருகே உள்ள தகவல் குறியைத் தட்டி, 'ஃபர்கெட் திஸ் டிவைஸ்' கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். முதல் தலைமுறை பென்சிலை ஐபேடின் இணைப்புத் துளையில் செருகியும், இரண்டாம் தலைமுறையையும் பென்சில் ப்ரோவையும் ஐபேடின் விளிம்பில் காந்தத்தால் ஒட்டவைத்தும், யு.எஸ்.பி-சி வகையைக் கம்பி வழியாகவும் இணைக்க வேண்டும். நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்த முதல் தலைமுறைப் பென்சிலின் பேட்டரி சார்ஜை ஏற்கும் தன்மையையே இழந்திருக்கலாம். அதை மென்பொருளால் மீட்க இயலாது.

புதிய ஐபேடுக்கு மாறியதும் பழைய பென்சில் வேலை செய்யவில்லை என்றால், அது பழுதாகவே இல்லாமல் இருக்கலாம். 2024-இல் வந்த எம்4 சிப் கொண்ட ஐபேட் ப்ரோவும் எம்2 சிப் கொண்ட ஐபேட் ஏரும் இரண்டாம் தலைமுறை பென்சிலை ஏற்பதில்லை. அவற்றுக்குப் பென்சில் ப்ரோவோ யு.எஸ்.பி-சி பென்சிலோதான் பொருந்தும். விளிம்பில் ஒட்டிக்கொள்வதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, காந்தம் ஒட்டுவது மட்டும் பொருத்தத்துக்கு அடையாளம் அன்று.

சர்ஃபேஸ் பென்னில் நிலைமை நேர்மாறானது. அதன் ப்ளூடூத் இணைப்பு மேல் முனையில் உள்ள பொத்தானுக்கு மட்டுமே. எழுதுவதற்கு அந்த இணைப்பு தேவையில்லை. ஆகவே எழுதாத சர்ஃபேஸ் பென்னை மீண்டும் மீண்டும் இணைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. பழைய மாடல்களில் உள்ள ஏ.ஏ.ஏ.ஏ. என்ற மெல்லிய பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.

இனி முனை. எந்த வகைப் பேனாவானாலும் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆப்பிள் பென்சிலின் முனை தளர்ந்தாலே கோடு விட்டுவிட்டு விழும். வலப்பக்கம் சுழற்றி, கையால் மட்டும் இறுக்குங்கள். எஸ் பென்னின் முனையை, உடன் வரும் சிறு இடுக்கியால் பிடித்து இழுத்து மாற்றலாம். ஒரு பக்கமாகச் சாய்வாகத் தேய்ந்த முனை, காகிதம் போன்ற சொரசொரப்பான ஸ்கிரீன் கார்டு (திரைமேல் ஒட்டும் பாதுகாப்புத் தாள்) பயன்படுத்துவோருக்கு விரைவிலேயே வந்துவிடும். பேனா திரையைத் தொடாமல் மேலே நிற்கும்போதே கோடு விழுந்தால், முனைக்குப் பின்னால் உள்ள அழுத்த உணரி சிக்கியிருக்கிறது. முனையைக் கழற்றித் தூசியைத் துடைத்து மாட்டியும் அது தொடர்ந்தால் பேனாவை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஒத்த வகையைச் சேர்ந்த இன்னொரு பேனா கிடைத்தால் அதை இந்த டேப்லெட்டிலும், உங்கள் பேனாவை வேறொரு டேப்லெட்டிலும் வைத்துப் பாருங்கள். மேலே சொன்ன அத்தனை சோதனைகளையும்விட இந்த ஒன்று தெளிவான விடையைத் தரும்.

படி 3: திரையின் மேலும் கீழும் சுற்றிலும்

டேப்லெட்டை அணைத்துவிட்டு, மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் திரையைத் துடையுங்கள். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் தொடு உணர்வைக் குழப்பும்.

ஸ்கிரீன் கார்டு தடிமனாக இருந்தாலோ, ஓரத்தில் தூக்கிக்கொண்டு காற்றுக் குமிழி புகுந்திருந்தாலோ அதைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். பலர் இதற்குத் தயங்குவது புரிகிறது. எனினும் வேறு எதிலும் குறை தென்படாதபோது இதைத் தவிர்க்க முடியாது. சாம்சங் டேப்லெட்டில் முதலில் டிஸ்ப்ளே பகுதியில் 'டச் சென்சிட்டிவிட்டி' இருந்தால் அதை இயக்கிப் பார்க்கலாம். ஆனால் அது விரல் தொடுகைக்கானது. எஸ் பென்னுக்கு உதவும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மின்காந்த வகைப் பேனாக்களுக்குக் காந்தம் பகை. காந்தப் பூட்டு உள்ள மூடியைப் பின்பக்கமாக மடித்து வைத்து எழுதும்போது திரையின் ஓரத்தில் மட்டும் கோடு வளைந்தோ விலகியோ விழுந்தால், மூடியைக் கழற்றிய உடனே அது நேராகிவிடும்.

சார்ஜ் ஏறும்போது மட்டும் கோடு நடுங்கினால் அல்லது தானாகத் தட்டுகள் விழுந்தால், சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல்தான் காரணம். சாதனத்துடன் வந்த சார்ஜருக்கு மாறுங்கள்.

படி 4: செயலியும் அமைப்புகளும்

குறிப்பிட்ட ஒரு செயலியில் மட்டும் பேனா வேலை செய்யவில்லை என்றால், அதில் கை நகர்த்தும் கருவியோ, பூட்டப்பட்ட லேயரோ (படத்தின் ஓர் அடுக்கு), வாசிப்பு நிலையோ தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். தொடங்குவோரிடம் இதுவே அடிக்கடி நேர்கிறது. பேனா எழுதி விரல் மட்டும் எழுதாவிட்டால் அது பழுதன்று; பேனாவால் மட்டுமே வரையும் அமைப்பு இயங்குகிறது.

ஆண்ட்ராய்டில், அண்மையில் நிறுவிய செயலி இடையூறு செய்வதாகத் தோன்றினால், பவர் ஆஃப் குறியை அழுத்திப் பிடித்து 'சேஃப் மோடு'க்கு (நீங்கள் நிறுவிய செயலிகள் இயங்காத நிலை) செல்லுங்கள். அங்கே பேனா எழுதினால், கடைசியாக நிறுவியவற்றை ஒவ்வொன்றாக நீக்கிக் கண்டுபிடிக்கலாம். திரைக்கு மேல் மிதக்கும் பொத்தான், நீல ஒளி வடிகட்டி போன்றவற்றை முதலில் சந்தேகியுங்கள்.

விண்டோஸ் டேப்லெட்டில் பேனா தட்டிய இடத்துக்குச் சற்று விலகிக் குறி விழுந்தால், கன்ட்ரோல் பேனலில் 'டேப்லெட் பி.சி. செட்டிங்ஸ்' சென்று, பழைய அளவீட்டை 'ரீசெட்' செய்துவிட்டுப் பாருங்கள். பேனா முற்றிலும் மறுத்தால், டிவைஸ் மேனேஜரில் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் பட்டியலில் உள்ள பேனா உருப்படியை முடக்கி மீண்டும் இயக்கலாம். அதற்கு முன் ஒரு மவுஸை இணைத்துக்கொள்ளுங்கள். தவறுதலாகத் தொடுதிரை உருப்படியை முடக்கிவிட்டால் விரலாலும் திரும்ப இயக்க முடியாமல் போகும்.

இயங்குதளப் புதுப்பிப்பு காத்திருந்தால் நிறுவிவிடுங்கள். ஃபேக்டரி ரீசெட்டை, சேஃப் மோடில் பேனா எழுதியும் குற்றவாளிச் செயலி பிடிபடாத நிலைக்கு மட்டும், தரவைக் காப்புப் பிரதி எடுத்த பிறகு, ஒதுக்கி வையுங்கள்.

படி 5: பழுது வன்பொருளில் இருந்தால்

வேறொரு நல்ல பேனாவும் திரையில் ஒரே பட்டையில் தவறுகிறது, விரலோ அங்கே வேலை செய்கிறது என்றால், அடியில் உள்ள உணர்வுத் தகடோ அதன் இணைப்பு நாடாவோ பழுதாகியுள்ளது. கீழே விழுந்த டேப்லெட்டிலும், மலிவான மாற்றுத் திரை பொருத்திய டேப்லெட்டிலும் இது வருவதுண்டு.

திரை ஓர் ஓரத்தில் மேலெழும்பியோ, பின்பக்கம் புடைத்தோ இருந்தால் மேற்கண்ட எதையும் முயல வேண்டாம். உள்ளே பேட்டரி வீங்கித் திரையைத் தள்ளுகிறது. சார்ஜ் செய்வதை உடனே நிறுத்தி, அணைத்து, அழுத்தாமல் சேவை மையத்துக்குக் கொண்டு செல்லுங்கள். மற்ற பழுதுகளுக்குச் செல்லும்போது பேனாவையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். கோடு அறுபடும் இடம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறொரு சாதனத்தில் வைத்துக்கொண்டால், மையத்தில் சோதிக்கும் நேரத்தில் பழுது தலைகாட்டாமல் போனாலும் காட்டுவதற்குச் சான்று இருக்கும்.