மொபைல் ஆப் வைத்துக் குழந்தைக்குக் காய்கறி பழக்குவது எப்படி?

கையில் மொபைலைக் கொடுத்துவிட்டு, வீடியோ ஓடும்போதே ஊட்டிவிடும் முறை பல வீடுகளில் உண்டு. காய் உள்ளே போகிறது, சரி. ஆனால் சாப்பிட்டது கேரட்டா பீன்ஸா என்று குழந்தைக்குத் தெரியாது, வயிறு நிறைந்ததும் தெரியாது. இங்கே சொல்லப்போவது வேறு வழி: மொபைல் சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும், தட்டு வந்ததும் அது அடுத்த அறைக்குப் போய்விடும்.

2 வயதிலிருந்து 6 வயது வரை புதிய உணவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வது பெரும்பாலான குழந்தைகளிடம் உண்டு. கண்ணுக்குப் பழகாததை வாய் ஏற்காது. அந்தக் கண் பழக்கத்துக்குத்தான் ஆப் உதவும். மென்று விழுங்கப் பழக்குவதற்கு அதனால் ஆகாது.

படி 1: நேரத்தை முடிவு செய்யுங்கள்

2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். 2 வயதுக்குக் கீழே இந்த முறையே வேண்டாம். மற்றவர்களுக்குச் சாப்பாட்டுக்கு முன் 10 நிமிடம் போதும். அதையும் அன்றைய திரை நேரத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆப்பைத் தேர்ந்தெடுங்கள்

நிறுவும் முன் ஸ்டோர் பக்கத்தில் விளம்பரம் உண்டா, ஆப்புக்குள் ஏதாவது வாங்கச் சொல்லுமா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடலாம். காய்கறி விளையாட்டின் நடுவே மிட்டாய் விளம்பரம் வந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

அடுத்தது படங்கள். கண்ணும் மூக்கும் வைத்துச் சிரிக்கும் கார்ட்டூன் கத்தரிக்காயைவிட, நிஜப் புகைப்படம் காட்டும் ஆப்தான் என் தேர்வு. தட்டில் கிடக்கும் கத்தரிக்காய் சிரிக்காது. அப்படியே அடையாளம் தெரிந்தாலும், நண்பனைக் கடித்துத் தின்னக் குழந்தைக்கு மனசு வருமா!

இதற்கென்றே ஆய்வாளர்கள் உருவாக்கிய ஆப்களும் இருக்கின்றன. பிரிட்டனின் ஆஸ்டன், லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ‘வெஜிடபிள் மேத்ஸ் மாஸ்டர்ஸ்’ சிறு குழந்தைகளுக்குக் காய்கறிகளை வைத்தே எண்ணும் கணக்கும் பழக்குகிறது. ரெடிங் பல்கலைக்கழகத்தின் ‘சீ அண்ட் ஈட்’, ஒரு காய் விளைநிலத்திலிருந்து தட்டு வரை வரும் கதையைப் படப் புத்தகமாகக் காட்டுகிறது. உங்கள் ஸ்டோரில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

படி 3: மொபைலைப் பூட்டுங்கள்

திறந்திருக்கும் ஆப்பிலேயே மொபைலை நிறுத்திவைக்கும் வசதி செட்டிங்ஸில் உண்டு: ஐபோனில் ‘கைடட் ஆக்சஸ்’, ஆண்ட்ராய்டில் ‘ஆப் பின்னிங்’. இதை இயக்கிவிட்டால் குழந்தையால் வேறு ஆப்புக்குத் தாவ முடியாது.

படி 4: ஒரு காய், கூடவே நீங்கள்

இந்த வாரத்துக்கு ஒரு காய் மட்டும். பட்டாணி என்றால் பட்டாணிதான். பக்கத்தில் உட்கார்ந்து நிறம், வடிவம், எண்ணிக்கை பற்றிப் பேசுங்கள். “இது உடம்புக்கு நல்லது” என்ற வசனத்தைத் தவிர்ப்பது நல்லது. அதைக் கேட்டதுமே ருசியில்லாத பண்டம் என்று புரிந்துகொள்கிற சாமர்த்தியம் குழந்தைகளுக்கு உண்டு.

படி 5: உங்கள் சொந்தப் புத்தகம்

எனக்கு மிகவும் பிடித்த படி இது. ஆப் எதுவும் கிடைக்காவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள், மொபைல் கேமராவே போதும். காயை வாங்குவது, குழந்தை அதைக் கழுவுவது, நீங்கள் நறுக்குவது, அடுப்பில் வேகுவது, கடைசியில் நீங்களே சாப்பிடுவது என்று ஐந்தாறு படங்கள் எடுங்கள். காலரியில் தனி ஆல்பமாகப் போட்டு, காயின் பெயரை வையுங்கள். படமெடுக்கும் வேலையைக் குழந்தையிடமே கொடுத்தால் இன்னும் நல்லது. பாதிப் படம் மங்கலாக வரும், பரவாயில்லை. தான் எடுத்த படத்தைக் குழந்தை திரும்பத் திரும்பப் பார்க்கும். நமக்கு வேண்டியதும் அதுதானே?

படி 6: மொபைல் உள்ளே, தட்டு வெளியே

படம் பார்த்த அதே காயை அன்றைக்கே பரிமாறுங்கள். ஒரு பட்டாணி அளவு துண்டு போதும். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள். தொட்டுப் பார்த்தாலும், முகர்ந்தாலும், நக்கிவிட்டு வைத்தாலும் அது முன்னேற்றம்தான். கேரட் மாதிரி கடினமான காய்களைச் சிறு குழந்தைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். நன்றாக வேகவைத்து நறுக்கிக் கொடுங்கள்.

ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள 10, 15 முறைகூடச் சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். பெரும்பாலான பெற்றோர் நான்கைந்து முறையிலேயே “இவனுக்கு இது பிடிக்காது” என்று முடிவு கட்டிவிடுகிறோம். எத்தனை முறை சுவைத்தது என்று மொபைலில் குறித்து வையுங்கள். சுவைத்ததற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுக்கலாம். இனிப்போ, கூடுதல் மொபைல் நேரமோ கொடுக்க வேண்டாம். அப்புறம் காய் ஒரு தண்டனையாகவும் பரிசு மட்டுமே குறியாகவும் மாறிவிடும்.

காய்கறி மட்டுமில்லாமல் பெரும்பாலான உணவுகளையே குழந்தை மறுக்கிறது, எடை ஏறவில்லை, விழுங்கச் சிரமப்படுகிறது என்றால் ஆப்பை ஒதுக்கிவிட்டுக் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.