பென்னட்வில் ஹைக்: ஏரியும் பாழடைஞ்ச சுரங்க ஊரும் ஒரே நாள்ல

கலிபோர்னியால டியோகா பாஸ்ங்கிற மலைக்கணவாயத் தாண்டி கிழக்குப் பக்கம் ஜங்ஷன் கேம்ப்கிரவுண்ட்ல இருந்துதான் நடை ஆரம்பிக்குது. டியோகா ரோடு குளிர்காலம் முழுக்க மூடியிருக்கும், அதனால ஜூலை கடைசில இருந்து செப்டம்பருக்குள்ள போங்க, ஜூலைல கொசு ஜாஸ்தி. உயரம் சுமார் 3,000 மீட்டர், மூச்சு வாங்கும், முந்தின ராத்திரி பக்கத்து ஊரான லீ வைனிங்லயே தங்கிட்டா உடம்பு கொஞ்சம் பழகிடும்.

குரூப்ல மெதுவா நடக்கிறவங்கள முன்னாடி விடுங்க, வழி தெரிஞ்ச ஒருத்தர் கடைசில வரட்டும், அப்பதான் யாரும் தனியா மாட்டிக்க மாட்டாங்க.

மைன் க்ரீக்ங்கிற ஓடை ஓரமா ஏறினா சீக்கிரமே அந்தச் சுரங்க ஊர் பென்னட்வில் வந்துடும். மிஞ்சியிருக்கிறது ரெண்டே மரக்கட்டடம், பலகை வெயில்ல வெந்து பழுப்பேறிக் கிடக்கு. வெள்ளி கிடைக்கும்னு நம்பி 1882ல மெஷின்களப் பனிமேல சறுக்குவண்டில இழுத்துட்டு வந்திருக்காங்க, 1883ல சீனத் தொழிலாளிங்க உழைப்புல ரோடே போட்டாங்க, 1884ல வெள்ளி கிடைக்காமலே மூடிட்டாங்க. அந்த ரோடுதான் பின்னாடி டியோகா ரோடாச்சு, அந்த உழைப்ப நினைச்சா மனசு கனத்துப்போகும். சுரங்க வாய்க்குள்ள மட்டும் நுழையவே கூடாது, துருப்பிடிச்ச ஆணியக்கூட எடுக்காதீங்க, சட்டப்படி குத்தம்.

அங்கேருந்து மேல ஷெல் லேக், ஃபேன்டெயில் லேக். சாப்பாட்ட ஃபேன்டெயில் கரைல வெச்சுக்கோங்க, தண்ணிய ஃபில்டர் பண்ணிக் குடிங்க. மத்தியானத்துக்கு மேல இடி மின்னல் வரும், அதுக்குள்ள இறங்க ஆரம்பிச்சிடுங்க.