எண்ட்கேமில் இன்ஜின் காட்டும் எண்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பாதிரிப்புலியூரில் என் ஞாயிறு செஸ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் எல்லோர் போனிலும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் இன்ஜின் இருக்கிறது. ஆட்டம் முடிந்ததும், யார் எவ்வளவு முன்னிலை என்று அது காட்டும் எண்ணைப் பார்ப்பார்கள், அதுதான் தீர்ப்பு. அந்த வயதில் நானும் அப்படித்தான். எண்ட்கேமில், அதாவது காய்கள் குறைந்துபோன கடைசிக் கட்டத்தில், நடக்கும் பெரிய தவறுகளை மட்டும் சொல்கிறேன்; சில்லறைத் தப்புகளை விட்டுவிடுகிறேன்.

கோட்டை நிலையில் எண்ணை நம்புவது

புதுச்சேரியில் ஒரு போட்டி. எங்கள் பையனிடம் யானையும் மூன்று சிப்பாய்களும். எதிராளியிடம் ராணியும் மூன்று சிப்பாய்களும். எல்லாச் சிப்பாயும் போர்டின் ராஜா பக்கப் பாதியில். யானைக்குச் சிப்பாயின் காவல், பின்னால் ராஜா பத்திரமாக. எதிராளிக்குப் பலம் கூட இருந்தும் உள்ளே நுழைய முடியாத இப்படிப்பட்ட நிலைதான் கோட்டை. பையன் ரிசைன் செய்துவிட்டான். திரும்பி வரும் பஸ்ஸில் போனை நீட்டினான்: “பாருங்க சார், நாலுக்கு மேல காட்டுது. தோத்த ஆட்டம்தான்.”

ரிசைன் செய்ததுகூடப் பரவாயில்லை. அந்த எண்ணைச் சாட்சிக்கு இழுத்தான் பாருங்கள், அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

அடுத்த வகுப்பில் அதே நிலையை வைத்து அவனை ராணி பக்கம் உட்கார வைத்தேன். “சரி, ஜெயி.” நான் யானையைக் காவல் உள்ள இரண்டு கட்டங்களுக்கிடையே நகர்த்திக்கொண்டே இருந்தேன். அவன் ராஜாவால் யானை நின்ற வரிசையைத் தாண்ட முடியவில்லை. செக் மேல் செக் வைத்து ஓய்ந்தான். அப்புறம் போனையே இரண்டு பக்கமும் ஆட விட்டோம். எண் ஏறவே இல்லை. 50 நகர்த்தல் விதியின் (வெட்டும் சிப்பாய் நகர்வும் இல்லாமல் 50 நகர்த்தல் போனால் டிரா) கணக்கு ஓட ஓட மெல்ல இறங்கியது.

இன்ஜின் நகர்த்தல்களைக் கிளை கிளையாகப் பார்த்துக்கொண்டு போய், நிறுத்திய இடத்தில் நிலையை எடை போடுகிறது. யானைக்கு எதிரே ராணி என்றால் எடை கூடத்தான் செய்யும். டிரா வருவதோ 50 நகர்த்தல் விதியில், அதாவது இரு பக்கமும் சேர்த்து 100 நகர்த்தலுக்கு அப்பால். அத்தனை தூரம் அது பார்ப்பதில்லை. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா என்பது அதற்குத் தெரியும், ஆனால் இங்கே அதுவும் உதவாது: ராணி சுற்றி அலைய இடம் ஏராளம். “ராஜா உள்ளே வர வழியில்லை” என்று நாம் ஒரே பார்வையில் முடிப்பதை அது ஒவ்வொரு வழியாகத் தட்டிப் பார்க்கிறது.

2017-இல் பென்ரோஸ் என்ற ஆய்வு நிறுவனம் இதே மாதிரி ஒரு செஸ் புதிர் வெளியிட்டது. கறுப்புக்கு ராணி, இரண்டு யானை, மூன்று பிஷப். வெள்ளைக்கு ராஜாவும் நான்கு சிப்பாயும். மூன்று பிஷப்பும் கறுப்புக் கட்டத்தில்தான். வெள்ளை ராஜா வெள்ளைக் கட்டங்களிலேயே உலாவினால் டிரா. இன்ஜின்கள் கறுப்புக்கு வெற்றி என்று காட்டின.

ஜெயிக்கும் நிலை என்றால் எண் ஏறிக்கொண்டே போக வேண்டும். ஆழம் (இன்ஜின் எத்தனை நகர்த்தல் முன்னே பார்க்கிறது என்ற கணக்கு) 25-இல் +4, 40-லும் +4, அது காட்டும் நகர்த்தல்களில் ராணி சும்மா உலாத்துகிறது என்றால் சந்தேகப்படுங்கள். நீங்களே போர்டில் ஆடிப் பாருங்கள்.

ஆழம் 40 வந்தால் உண்மை என்பது

இல்லை.

+1 என்றால் ஒரு சிப்பாய் முன்னிலை என்பது

ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல் அப்படி இல்லை. இன்ஜினோடு இன்ஜின் மோதும்போது ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று பொருள்.

எதிரெதிர் நிற பிஷப்

ஒருவரின் பிஷப் வெள்ளைக் கட்டங்களிலும் மற்றவருடையது கறுப்புக் கட்டங்களிலும் ஓடினால், இரண்டு சிப்பாய் கூட இருந்தும் டிரா ஆகலாம். அதனால் ஜெயிக்கப் பார்ப்பவர், யானைகளை வெட்டி மாற்றி அந்த பிஷப்களை மட்டும் மிச்சம் வைக்கும் முன் யோசியுங்கள்.

ஏழு காய்க்குள் வந்த பிறகும் இன்ஜினைக் கேட்பது

ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்வரை, ஒவ்வொரு நிலையின் முடிவையும் முன்பே கணக்கிட்டு வைத்திருக்கும் சிசிஜி அட்டவணை 2018-லேயே முழுமையாகிவிட்டது. லிச்செஸ் என்ற செஸ் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வெற்றி, டிரா, தோல்வி என்று நேரடியாகச் சொல்லும். பையனின் நிலையில் பத்துக் காய், அதனால் அங்கே அது உதவியிருக்காது.