துருவக் களமுகாமுக்குப் பொருளும் உணவும் கட்டுவது எப்படி

அண்டார்க்டிகாவின் அடிலெய்ட் தீவிலுள்ள ரொதேரா என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்திலிருந்து ட்வின் ஆட்டர் விமானத்தில் புறப்பட்டு, பனிப்பரப்பின் நடுவே இரண்டு பேர் கூடாரம் அடித்துத் தங்கும் முகாமை இங்கே எடுத்துக்கொள்வோம். இறக்கிவிட்டுப் போகும் விமானம் வானிலை கெட்டால் பல நாள் வர முடியாமல் போகலாம் என்பதால், ஆய்வு நாட்களோடு காத்திருக்க நேரும் நாட்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

பலர் உணவுப் பட்டியலை முதலில் எழுதுவார்கள். எரிபொருளை முதலில் கணக்கிடுவதே சரி. சுற்றிலும் பனி கிடந்தாலும் அதை உருக்காமல் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது. 0 டிகிரியிலுள்ள ஒரு கிலோ பனியை உருக்க மட்டுமே 334 கிலோஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்டின் குழு, வழியில் சேமித்து வைத்திருந்த டின்களில் எரிபொருள் எண்ணெய் குறைந்திருக்கக் கண்டது. மூடியிலிருந்த தோல் வாஷர்கள் சரியாக அடைக்காமல் போனதே அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். ஆகவே ஒவ்வொரு கேனையும் மூடியை இறுக்கி, காகிதத்தின் மேல் ஓர் இரவு சாய்த்து வைத்து, காலையில் கறை படிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே ஏற்றுங்கள்.

முகாமில் எரிவது பெரும்பாலும் நம் வீடுகளில் முன்பு இருந்த அதே மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்தான். பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கினால் காற்று ஏறாது. அதை எண்ணெயில் ஊறவைத்துப் பதமாக்குங்கள். உபரி வாஷர், நிப்பிள் (எரிபொருள் பீறிடும் முனை), அதன் அடைப்பெடுக்கும் பின் ஆகியவற்றை ஒரே பையில் போட்டு ஸ்டவ் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். நிலையத்திலேயே, வெளிக்குளிரில், கையுறை போட்டபடி ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு பாத்திரம் பனியை உருக்கிப் பாருங்கள். கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், உச்சியிலுள்ள காற்றுக்குழாய் அடைபடாமல் இருப்பதையும் உறுதிசெய்யுங்கள்.

நான்கு கம்புகள் கொண்ட பிரமிட் கூடாரத்தையும் புறப்படும் முன் ஒரு முறை முழுமையாக நிறுத்திப் பார்க்க வேண்டும். அதன் அடிவிளிம்பில் பாவாடை போல விரியும் துணியின் மேல்தான் பனிக்கட்டிகளையும் பெட்டிகளையும் அடுக்குவார்கள். அதில் கிழிசல் இருந்தால் பலத்த காற்றில் கூடாரமே பெயர்ந்துவிடும். படுக்கையில் குளிர் கீழிருந்துதான் அதிகம் ஏறும். எனவே பலகை, நுரைப்பாய், காற்று மெத்தை, ஆட்டுத்தோல் என அடுக்கி, அதன் மேலேயே உறக்கப்பையை விரிக்க வேண்டும்.

உணவுக்கு, ஒருவருக்கு 20 நாள் அல்லது இருவருக்கு 10 நாள் என்ற அளவில் பெட்டி கட்டும் பழைய முறையை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு பெட்டியைத் திறந்தால் எத்தனை நாள் கையிருப்பு என்பது உடனே விளங்கிவிடும். ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,500 கிலோகலோரி கிடைக்கும்படி ஓட்ஸ், பால்பவுடர், பிஸ்கட், வெண்ணெய், சாக்லேட், உறைநிலையில் உலர்த்திய இறைச்சி ஆகியவற்றைச் சேருங்கள். டின் உணவில் பாதிக்குமேல் தண்ணீரைச் சுமப்பதால் அது வேண்டாம். வெண்ணெயையும் சீஸையும் இளகியிருக்கும்போதே சிறு துண்டுகளாக வெட்டிக் கட்டுங்கள். மைனஸ் 20 டிகிரியில் கத்தி இறங்காது. மிளகு, சீரகம், மிளகாய்த்தூள் என விருப்பமான மசாலாவை ஒரு சிறு டப்பாவில் எடுத்துச் செல்வது ஆடம்பரம் அல்ல. வாரக்கணக்கில் ஒரே சுவை என்றால் பசியே மந்தமாகி, வேண்டிய அளவு சாப்பிட முடியாமல் போகும்.

வெளி அட்டைகளை நிலையத்திலேயே கழற்றிவிடுங்கள், ஏனெனில் முகாமில் சேரும் குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 1991-இல் கையெழுத்தான சுற்றுச்சூழல் உடன்படிக்கையின்படி தெர்மகோல் மணிகளை அண்டார்க்டிகாவுக்குள் கொண்டுபோகவே கூடாது. துணிகளின் பைகளிலும் வெல்க்ரோ பட்டைகளிலும் ஒட்டியிருக்கும் விதைகளை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுப்பதும் கட்டாயம்.

விமானத்தில் கடைசியாக ஏற்ற வேண்டியவை கூடாரம், ஸ்டவ், ஒரு கேன் எரிபொருள், ஓர் உணவுப் பெட்டி, படுக்கை, ரேடியோ ஆகியவை. கதவருகே இருக்கும் இவையே முதலில் இறங்கும். மேகம் சூழ்ந்து விமானி அவசரமாகக் கிளம்ப நேர்ந்தாலும், இவ்வளவு கையில் இருந்தால் இருவரும் அவர் திரும்பும் வரை தாக்குப்பிடிக்கலாம்.