வெடிப்பைப் பூச முதல்: வன்னி வீடுகள் தாழும்போது நாங்கள் விடும் பிழைகள்

ஓர் ஆவணி மாதம் எங்கள் குசினிச் சுவரில் வெடிப்பு ஒன்று கண்டோம். ஜன்னலின் மேல் மூலையில் தொடங்கி, சீமெந்துக் கல்லின் பொருத்துகளைப் பிடித்துப் படிப்படியாக ஏறி, கூரைக்குக் கிட்டப் போயிருந்தது. மேசன் வந்து பார்த்துவிட்டு, "பூச்சு வெடிப்புத்தான், மாரிக்கு முதல் பூசி விடுவம்" என்றார். பூசி, பெயின்ற்றும் அடித்தோம். தை பிறக்க முதல் அதே இடத்தில் திரும்பவும் வந்தது, இன்னும் அகலமாக. இரண்டாம் முறையும் பூசினோம். அடுத்த வருடம் அயலில் இருக்கும் ஐயா ஒருவர் வந்து, சுவரைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பிள்ளை, இந்த மூலையிலதானே முந்தி உங்கட பங்கர் இருந்தது?"

பங்கர் என்றால் போர்க்காலத்தில் ஒளிந்திருக்க வெட்டிய பதுங்குகுழி. போர் முடிந்து மீளக்குடியேறி வந்த அவசரத்தில் அதை நாங்கள் மூடிய விதம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையில் கிடைத்த மண், உடைந்த ஓடு, கிழிந்த மண்மூட்டை எல்லாவற்றையும் தள்ளி நிரப்பினோம். உள்ளே பனங்குற்றிகளும் கிடந்தன. மேலே சமதளமாகத் தெரிந்ததும் நூல் பிடித்து அத்திவாரம் வெட்டியாயிற்று. வீட்டுத்திட்டக் காசு கட்டம் கட்டமாக வந்ததால், ஒரு கட்டம் முடித்தால்தான் அடுத்தது கைக்கு வரும். நிரப்பிய மண் ஒரு மாரியாவது நனைந்து இறுகட்டும் என்று காத்திருக்க ஆருக்கு மனம் வந்தது? குற்றி உக்க உக்க மேலிருந்த மண் இறங்கியது. மண்ணோடு மூலையும் இறங்கியது.

வட இலங்கையின் வன்னியில் இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. மூடிய பங்கர், தூர்ந்த கிணறு, செல் (எறிகணை) விழுந்த குழி, பழைய மலசலகூடக் குழி, வேரோடு கிடந்த பாலை அல்லது முதிரைக் கட்டை, இடித்துத் தள்ளிய புற்று, இவற்றில் ஏதாவது ஒன்று இல்லாத வளவு குறைவு. ஆகவே நாங்கள் விடும் முதல் பிழை, வளவின் பழைய கதையைக் கேட்காமல் கட்டுவதுதான். புது வீடோ, குசினியைத் தள்ளிக் கட்டுவதோ, எதுவானாலும் அந்த நிலத்தில் முன்பு இருந்தவர்களிடம் எது எங்கே இருந்தது என்று கேட்டு ஒரு தாளில் கீறி வையுங்கள். மாரி முடிந்ததும் வளவைச் சுற்றி நடந்து பாருங்கள். நிரப்பிய குழி இருந்த இடம் பெரும்பாலும் கிண்ணம்போல் பதிந்து தண்ணீர் தேங்கி நிற்கும். அலவாங்கு குத்தி மண்ணின் இறுக்கத்தைப் பார்ப்பது பழைய வழக்கம். ஆனால் கண்ணிவெடி அகற்றி உறுதிப்படுத்தாத நிலத்தில் அதைச் செய்யவே வேண்டாம். அகற்றிய நிலமானாலும், தோண்டும்போது இரும்பாக ஏதாவது தென்பட்டால் கை வைக்காமல் விலகி, கிராம அலுவலருக்கோ பொலிஸின் 119 இலக்கத்துக்கோ அறிவியுங்கள். மண் நிரப்பும்போது கிறவலை (சரளை மண்ணை) அரை அடிக்கு ஒரு படையாகப் போட்டு, நனைத்து, இடித்து இறுக்குங்கள். உக்கக்கூடிய எதையும் உள்ளே விடாதீர்கள். இன்னும் நல்லது, அத்திவாரத்தை அந்தக் குழியை விட்டுத் தள்ளிப் போடுவது.

எல்லா வெடிப்புக்கும் பயப்படுவதும் பிழை, ஒன்றுக்கும் பயப்படாமல் இருப்பதும் பிழை. பூச்சில் சிலந்தி வலைபோல் ஓடும் மயிர்க்கோடுகள் சாந்து காயும்போது வருபவை. தூணும் கல்லும் சந்திக்கும் இடத்தில் நேராக விழும் மெல்லிய கோடும் பெரும்பாலும் கவலைக்குரியதல்ல. நிலம் மட்டும் பதிந்து, சுவரடியில் இடைவெளி தெரிந்தால், அறைக்குள் நிரப்பிய மண் சரியாக இறுகவில்லை என்று பொருள். சுவரை அது தாங்குவதில்லை. நிலத்தை உடைத்து, இறுக்கித் திரும்பப் போட்டால் போதும்.

கவனிக்க வேண்டியது சாய்வாக ஓடும் வெடிப்பு. கதவு, ஜன்னல் மூலைகளில் தொடங்கி, கல்லின் பொருத்து வழியே படிபோல் ஏறும். உள்ளேயும் வெளியேயும் ஒரே இடத்தில் தெரியும். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் வீட்டின் அந்த முனை இறங்குகிறது. கீழே அகலம் கூடினால் சுவரின் நடுப்பகுதி இறங்குகிறது. நேற்றுவரை சாத்திய கதவு இன்றைக்கு நிலையில் பிடிப்பதும் இதன் துணை அறிகுறி. அகலம் 5 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் கண்காணிக்க நேரம் இருக்கிறது. பென்சில் முழுதாக நுழையுமென்றால் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டுங்கள். சுவர் தூக்குக்குண்டு நூலுக்கு விலகி நின்றாலோ, கூரையைத் தாங்கும் வளையின் நுனி சுவரைவிட்டு இழுபட்டாலோ, முதலில் அந்த அறையில் படுப்பதை நிறுத்துங்கள்.

இனி, பெரும்பாலானோர் செய்யாத வேலை ஒன்று: அளப்பது. வெடிப்பின் இரு பக்கமும் ஒவ்வொரு ஆணி அடித்து, இடைத்தூரத்தை மாதம் ஒருமுறை அளந்து திகதியோடு எழுதுங்கள். வெடிப்பு முடியும் நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி போடுங்கள். ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாகக் கடக்க வேண்டும். புரட்டாசியில் திறந்து மார்கழியில் மூடினால் களிமண் காய்ந்து நனைவதுதான் காரணம். ஒரே திசையில் அகன்றுகொண்டே போனால் கீழே ஏதோ உக்குகிறது அல்லது கரைகிறது. கட்டிய முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சற்று விரிந்து அப்படியே நின்றுவிட்டால், வீடு தன் பாரத்தில் அமர்ந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு. அளக்காமல் பூசினால் எந்த நோய் என்றே தெரியாமல் போய்விடும்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். வன்னியின் மேட்டுநிலச் செங்கபில மண் பொதுவாக வீட்டுக்கு நல்லது. வயலை அண்டிய பள்ளங்களில் களி கூடும். மன்னார்ப் பக்கம் முருங்கனில் இருப்பது கறுத்தக் களி. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலைக்குக் களிமண் அங்கிருந்துதான் போனது. கோடையில் அது கை நுழையுமளவு பிளக்கும், மாரியில் ஊதும். அந்த மண்ணில் செம்மண் வளவுக்குப் போடுகிற அதே ஆழத்தில் அத்திவாரம் போடுவது பெரிய பிழை. கடுங்கோடையில் நிலவெடிப்புக்குள் நீளக் கம்பு விட்டு ஆழம் பாருங்கள். அத்திவாரத்தின் அடி அதற்குக் கீழே இருக்க வேண்டும். மேலே வீட்டைச் சுற்றிக் கம்பி வைத்த கொங்கிறீட் வளையமும் ஓட வேண்டும். வெட்டிய களியையே திரும்ப நிரப்பாமல் கிறவல் போடுங்கள்.

பிறகு தண்ணீர். தாவாரத் தண்ணீர் சுவரடியில் விழுந்து குழி பறிப்பதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டும் பகுதி இது. பீலி பூட்டி, குழாயால் தண்ணீரை வளவின் தாழ்ந்த பக்கத்துக்கு விடுங்கள். சுவரைச் சுற்றி மூன்றடி அகலத்துக்கு வெளிப்பக்கம் சரியும் சீமெந்துத் தளம் போடுங்கள். குளிக்கும் தண்ணீரும் குசினித் தண்ணீரும் சுவரடியில் ஊறக்கூடாது. மலசலகூடக் குழி அத்திவாரத்தோடு ஒட்டியிருக்கவும் கூடாது. 2018 டிசம்பர் வெள்ளம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படித் தண்ணீர் வடிந்த பிறகு பலர் வீட்டைக் கழுவி உள்ளே போய்விடுவார்கள். அத்திவாரத்தைச் சுற்றி மண் அரிந்திருக்கிறதா என்று பார்த்து, அரிந்த இடத்தைக் கிறவலால் இறுக்குவதும் அந்தக் கழுவலோடு சேர்ந்த வேலை.

நிழலுக்கென்று வேம்பைச் சுவரோடு வைக்கிறோம். களிமண்ணில் பெரிய மரம் கோடையில் அத்திவாரத்தின் ஈரத்தையும் உறிஞ்சும். புதிதாக வைப்பதென்றால் மரம் வளரக்கூடிய உயரமளவு தள்ளி வையுங்கள். ஆனால் முன்பே நிற்கும் பெரிய மரத்தைக் கோபத்தில் தறித்துவிடாதீர்கள். உறிஞ்ச மரம் இல்லாமல் களி ஈரமேறி ஊதி, வீட்டைத் தூக்கவும் கூடும்.

திருத்தும்போது விடும் பிழை உயிராபத்தானது. சுவர் நீளத்துக்கும் அத்திவாரத்தின் கீழே ஒரேயடியாகத் தோண்டிக் கொங்கிறீட் ஊற்றுவோம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மூன்றடித் துண்டு ஒன்றைத் தோண்டி, இறுகிய மண்வரை போய், கொங்கிறீட் போட்டு, அது இறுகிய பிறகே தள்ளியிருக்கும் அடுத்த துண்டைத் தோண்ட வேண்டும். பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் ஒரே நேரத்தில் திறந்திருக்கவே கூடாது. இதற்குத் துணிந்த மேசன் மட்டும் போதாது. பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரையோ பொறியியலாளர் ஒருவரையோ கூப்பிட்டு, உங்கள் அளவுத் தாளைக் காட்டுங்கள். தாழும் மூலைக்கு மேலே தண்ணீர்த் தாங்கியும் வைக்காதீர்கள். 1000 லீற்றர் தாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு தொன்.

எங்கள் குசினி மூலையை அப்படித்தான் துண்டு துண்டாக எடுத்தோம். நாலாவது துண்டில் உக்கிய பனங்குற்றியின் நார் கையோடு வந்தது. அதற்குக் கீழே ஓரடியில் இறுகிய கிறவல் இருந்தது. வேலை முடிந்தும் ஆணிகளைக் கழற்றவில்லை. இரண்டு மாரி போயும் இடைத்தூரம் மாறவில்லை. போன பங்குனியில்தான் வெடிப்பை வெட்டி, கம்பி தைத்து, பூசினோம்.