மேத்ஸ் லிட் எடுத்தவர்கள் ஊடகத் தயாரிப்புப் படிப்பில் சேர்வதற்கு முன்

ஜனவரியில் மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) முடிவுகள் வெளியான மறுவாரம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் மேத்ஸ் லிட், அதாவது அன்றாடக் கணக்கைக் கற்பிக்கும் மேத்ஸ் லிட்ரசி பாடத்தைப் பற்றிய ஒரே கேள்விதான்: "பெரியவன் மேத்ஸ் லிட்தான் எடுத்திருக்கிறான், டீச்சர், கேமரா, சவுண்டு என்று ஏதாவது படிக்க முடியுமா?" முடியும். ஆனால் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில் சேரப்போகிறான் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குத் தேவையான கணக்கை மட்டும் தேடிப் படிக்க வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்பவர்கள்தான் ஒரு வருடத்தை வீணாக்குகிறார்கள்.

பத்தாம் வகுப்பில் மாணவர் கணிதம், தொழில்நுட்பக் கணிதம், மேத்ஸ் லிட்ரசி ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். ஒலிப் பொறியியல், ஒளிபரப்புத் தொழில்நுட்பம், கணினி அறிவியல் போன்றவற்றைப் பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புபவரிடம் பொதுவாகக் கணிதமே கேட்பார்கள். படப்பிடிப்பு, படத்தொகுப்பு, வானொலி நிகழ்ச்சித் தயாரிப்பு போன்ற படிப்புகள் பலவற்றில் மேத்ஸ் லிட் போதும். ஒவ்வொரு கல்லூரியின் கையேட்டிலும் சேர்க்கைத் தகுதி என்ற பக்கத்தில் எந்தப் பாடம், எத்தனை விழுக்காடு என்று எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி விண்ணப்பக் கட்டணம் கட்டாதீர்கள்.

அரசின் தொழிற்கல்விக் கல்லூரிகளை எல்லோரும் டிவெட் கல்லூரி என்கிறோம். அங்கே கலை, வடிவமைப்பு போன்ற பிரிவுகளில் என்4, என்5, என்6 என்ற மூன்று நிலைகளை ஆறாறு மாதங்களாகப் பதினெட்டு மாதங்கள் படித்து, அதற்குப் பிறகு பதினெட்டு மாத வேலை அனுபவத்தையும் காட்டினால்தான் டிப்ளமோ கைக்கு வரும். மெட்ரிக்கை முடிக்காமல் விட்டவர், 21 வயது நிறைந்திருந்தால், பெரியவர்களுக்கான திருத்தப்பட்ட சீனியர் சான்றிதழ்த் தேர்வை எழுதலாம். அதில் பள்ளி மதிப்பெண் சேர்க்கப்படாது, தேர்வு மதிப்பெண் மட்டுமே கணக்கு. சமுதாயக் கல்லூரிகள் என்று மாகாணத்துக்கு ஒன்றாக ஒன்பது இருக்கின்றன. அவற்றின் கற்றல் மையங்களில் வேலைக்குப் போகிறவர்கள் பள்ளிப் பாடங்களை விட்ட இடத்திலிருந்து தொடர முடியும்.

மாலையில் படிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. இன்றைய டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2002இல் நடந்த இணைப்பில் உருவானது. அப்போது இணைந்த இரண்டில் ஒன்று, மாலை வகுப்புகளாகத் தொடங்கி வளர்ந்த, எம்.எல். சுல்தான் பெயரைத் தாங்கிய டெக்னிகான் என்ற தொழில்நுட்பக் கல்லூரி. கொல்லத்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக இங்கே வந்து சேர்ந்தவர் அவர். நாற்பது வயதில் மறுபடியும் லாகரிதம் படிக்க வேண்டுமா என்று கூச்சப்படும் அண்ணன்மாருக்கு நான் அவர் பெயரைத்தான் சொல்வது வழக்கம்.

பண விஷயத்தில் ஒன்றை மட்டும் உறுதியாக மனத்தில் வையுங்கள். என்எஸ்ஃபாஸ் என்ற அரசின் மாணவர் நிதி உதவி அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் டிவெட் கல்லூரிகளுக்கும் மட்டுமே உரியது. தனியார் கல்லூரியில் சேர்ந்தால் அது கிடையாது. பளபளப்பான ஸ்டுடியோவின் படத்தைப் போட்டு விளம்பரம் செய்யும் தனியார் நிறுவனம் உயர்கல்வித் துறையில் பதிவு செய்யப்பட்டதா, அது தரும் தகுதிக்கு சாக்கா (நாட்டின் கல்வித் தகுதிகளைப் பதிவு செய்யும் அமைப்பு) எண் உண்டா என்று கேட்டு, அந்த எண்ணை நீங்களே சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். என் தங்கை மகன் அப்படிக் கேட்காமல் ஒரு நிறுவனத்தில் ஒன்பது மாதம் படித்தான். கடைசியில் கிடைத்தது வருகைச் சான்றிதழ் மட்டும்.

இனி கணக்குக்கு வருவோம். ஊடகத் தயாரிப்பில் அன்றாடம் தேவைப்படும் கணக்கில் பெரும்பகுதி விகிதமும் வீதமும்தான். இவை மேத்ஸ் லிட் பாடத்திலேயே இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் புனித வெள்ளியன்று நடக்கும் தீமிதியைப் பதிவு செய்யப் போனேன். கேமரா வினாடிக்கு 100 மெகாபிட் என்ற தரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தது 64 ஜிகாபைட் நினைவக அட்டை. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், நூறை எட்டால் வகுத்தால் வினாடிக்கு 12.5 மெகாபைட், அதாவது ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிகாபைட். ஆக, அட்டை தாங்குவது சுமார் 85 நிமிடம். இந்த வகுத்தலை நான் வீட்டில் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. கரகம் வந்ததிலிருந்து விடாமல் பதிவு செய்துகொண்டிருந்தேன், பூசாரி குழியின் விளிம்பில் கால் வைத்த நேரத்தில் திரையில் "அட்டை நிரம்பியது" என்ற எழுத்து வந்தது. கணிதம் கற்பிக்கிறவள் என்று ஊருக்கே தெரியும் என்பதால் அன்று அவமானம் இரட்டிப்பு.

ஒலியும் படமும் ஒத்துப்போகாமல் நிற்பது இன்னொரு தொல்லை. அதற்கும் காரணம் வீதக் கணக்குதான். நம் நாட்டில் தொலைக்காட்சிக்கு வினாடிக்கு 25 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். ஒரு சட்டம் 40 மில்லிவினாடி. ஒலி காற்றில் வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. எனவே 40 மில்லிவினாடியில் அது கடப்பது 14 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மண்டபத்தின் கடைசியில், தவில்காரரிடமிருந்து 28 மீட்டர் தள்ளி வைத்த கேமராவின் மைக்கில் குச்சி விழுந்த ஓசை இரண்டு சட்டம் தாமதமாகவே பதியும். படத்தொகுப்பில் ஒலித்தடம் இரண்டு சட்டம் முன்னதாகவே தொடங்கும்படி நகர்த்தினால் சரியாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாதவர்கள் மென்பொருளைத் திட்டுகிறார்கள்.

மேத்ஸ் லிட் படித்தவருக்கு உண்மையில் குறைவது மூன்று: அடுக்குகள், லாகரிதம், சைன் வளைவு. ஒலியின் அளவான டெசிபெல் லாகரிதத்தில்தான் நிற்கிறது. மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் எத்தனை டெசிபெல் கூடும் என்று பார்க்க, 2இன் லாகரிதமான 0.301ஐ 20ஆல் பெருக்குங்கள், 6 வருகிறது. மிக்சரில் 6 டெசிபெல் ஏற்றுவது "கொஞ்சம் கூட்டுவது" அல்ல, குறிகையை (சிக்னலை) இரட்டிப்பாக்குவது என்று புரிந்தவர், நாதஸ்வரம் உச்சத்துக்குப் போகும்போது பதிவு உடைந்துபோகாமல் முன்கூட்டியே இடம் விட்டு வைப்பார். லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவைக் குறிக்க 2, 2.8, 4, 5.6 என்று வரும் எண்கள் ஏன் அப்படித் தாவுகின்றன என்ற கேள்விக்கு விடை இரண்டின் வர்க்கமூலம். பெருக்கியில் கேட்கும் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்திலிருந்து வருகிறதா என்று கண்டுபிடிக்க, சைன் வளைவைப் பார்க்கத் தெரிந்தால் போதும். இந்த மூன்றையும் பத்து, பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களிலிருந்து அந்தந்த அத்தியாயத்தை மட்டும் எடுத்து, வாரத்துக்கு இரண்டு மாலை என்று உட்கார்ந்தால் ஒரு பருவத்தில் முடித்துவிடலாம். வடிவியல் தேற்றங்களை விட்டுவிடுங்கள். பல்கலைக்கழகச் சேர்க்கைக்காகக் கணிதத் தேர்வையே எழுதப்போகிறவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

படிக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். கணக்குப் புத்தகத்தைத் தனியாகவும் கேமராவைத் தனியாகவும் வைக்க வேண்டாம். 48 கிலோஹெர்ட்ஸ் (வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்), மாதிரிக்கு 24 பிட், இரண்டு தடம் என்று ஒரு மணி நேரம் பதிவு செய்தால் கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்று முதலில் தாளில் போடுங்கள். 48,000ஐ 24ஆலும் 2ஆலும் 3,600ஆலும் பெருக்கி எட்டால் வகுத்தால் ஒரு ஜிகாபைட்டுக்குச் சற்று மேலே வரும். பிறகு பாட்டியை ஒரு மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்து, கோப்பின் அளவைப் பாருங்கள். பாட்டியின் பேச்சும் மிஞ்சும், கணக்கும் மறக்காது.

கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் வேலை நாளொன்றில் நேரில் போய்வாருங்கள். ஒரு கேமராவை எத்தனை பேர் பகிர்கிறார்கள், லோட்ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு வந்தால் தொகுப்பு அறைக்கு மாற்று மின்சாரம் உண்டா, என்6 முடித்தவர்களை வேலை அனுபவத்துக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்ற மூன்றையும் அலுவலகத்தில் கேட்காமல் வராந்தாவில் நிற்கும் மாணவரிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம், ஏனெனில் அந்தப் பதினெட்டு மாதத்துக்கு இடம் கிடைக்காமல் டிப்ளமோ நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும். சமுதாய வானொலி நிலையங்களிலும், ஊடகத் துறையைக் கவனிக்கும் மிக்ட் செட்டா என்ற தொழிற்பயிற்சி அமைப்பு மூலம் வரும் பயிற்சி இடங்களிலும் முதல் பருவத்திலேயே விசாரித்து வையுங்கள். அங்கே செய்யும் வேலை உங்கள் டிப்ளமோவுக்கு ஏற்றுக்கொள்ளப்படுமா என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, செய்த வேலையை மாதந்தோறும் பதிவேட்டில் எழுதி, மேற்பார்வையாளரிடம் அந்த மாதமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் வேலை மாறிப் போய்விட்டால் பிறகு தேடிப் பிடிப்பது பெரும்பாடு.